முகுமோ ரோட்டுப் புகார்கள்

"இன்டர்நெட் பெட்டியை மூணு தடவை அணைச்சுப் போட்டாச்சு தம்பி. லாரி போறப்பல்லாம் லைன் செத்துப்போகுது" என்றார் போனில் பிரசவ விடுதி நர்ஸ். அங்கே எடுக்கும் ஸ்கேனை நகுரு நகரத்து டாக்டர் திரையில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சிமியு குறித்துக்கொண்டான்: முகுமோ ரோடு. மறுபடியும்.

இணைய நிறுவனத்தின் உதவி மையத்தில் அவன் சேர்ந்து மூன்று வாரம். எட்டுப் பேர் இருந்தும் அந்த ரோட்டுப் புகார் எல்லாம் அவனுக்கே வந்தது.

"அந்த ரோடு உன்னைக் கட்டிக்கிச்சு போல. பரிசமா எத்தனை மாடு குடுத்தே?" என்றான் பக்கத்து நாற்காலி கெமுன்டோ.

சிமியு சிரிக்கவில்லை. நான்கு வருடம் முன்பு அந்த ரோட்டில் கேபிளுக்குக் குழி வெட்டியவன் அவன். மீட்டர் கணக்கில் கூலி. இடுப்பளவு வெட்ட வேண்டியது. பாறை வந்த இடத்தில் கணுக்கால் ஆழத்தோடு மூடிவிட்டார்கள். ஆழத்தைச் சோதிக்க வரும் அதிகாரியின் வண்டி டீக்கடை மர நிழலில்தான் நிற்கும். அங்கே மட்டும் ஒழுங்காக வெட்டினார்கள்.

அவன் வேலை நிரந்தரமா என்று இன்று மாலை முடிவாகும். உண்மையைச் சொன்னால் மறுபடி கடப்பாரைதான். மாலை வகுப்பில் படித்த இரண்டு வருடமும் வீண். சொல்லாமலே இருந்துவிடலாமா?

இரண்டு பேர் வலியோடு காத்திருப்பதாக நர்ஸ் போனில் சொன்னார்.

சிமியு எழுந்து மேலாளர் மும்புவாவின் அறைக்குப் போனான். பேக்கரிக்கு எதிரே பத்து மீட்டரை ஆழமில்லாமல் மூடியது வரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான்.

மும்புவா உடனே போனில் ஆட்களை அங்கே அனுப்பினார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அவனுடைய நிரந்தர ஆணை. நேற்றைய தேதியில் கையெழுத்தாகியிருந்தது.

சிமியு தேதியை மறுபடி பார்த்தான். "என் மாலை வகுப்பு மார்க்கைப் பாத்தா எடுத்தீங்க மேடம்?"

"உன் மார்க்கை நான் பாக்கவே இல்லப்பா. முகுமோ ரோட்டுல குழி வெட்டினேன்னு விண்ணப்பத்துல எழுதியிருந்தே, அதுக்குத்தான் எடுத்தேன். அந்தப் புகாரை எல்லாம் உன் பக்கம் திருப்பிவிட்டதும் நான்தான்."

மும்புவா எழுந்து கதவைச் சாத்தினார்.

"சரிபண்ண எங்கே தோண்டணும்னு எனக்குத் தெரியாதே. அன்னிக்கு மர நிழல்ல, வண்டியை விட்டு இறங்காம, டீ குடிச்சுக்கிட்டே ஆழம் சரின்னு கையெழுத்துப் போட்டது நான்."