ஏரிக்கு அந்தாண்டைக் கொட்டாய்

"சோறு போட்ட மனுசன்னு பாக்கறேன். இல்லாட்டி அந்த ராஜாங்கத்த நாலு வார்த்த கேட்டிருப்பேன்" என்றாள் செல்லி.

"இப்ப மட்டும் இன்னா, போய்க் கேளேன்" என்றாள் பக்கத்து வீட்டு ஆண்டாள்.

வருஷா வருஷம் தை பிறந்தால் செல்லியின் வீட்டுக்கு எதிரேதான் ராஜாங்கம் கொட்டாய் போட்டு வெல்லம் காய்ச்சுவார். அங்கே அவளுக்குக் கரும்புச் சக்கை காயவைக்கிற வேலை. வேலையும் ஆகும், வாசலில் விளையாடும் மகள் பூவிழி மேல் ஒரு கண்ணும் இருக்கும்.

இந்த வருஷம் மனிதர் கொட்டாயையே பிரித்து ஏரிக்கு அந்தாண்டை கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். பிள்ளையை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் எப்படிப் போவது?

"எதுக்குப் போனாருன்னு தெரியாதா உனக்கு?" ஆண்டாள் குரலைத் தணித்தாள். "உம் பொண்ணுக்கு நோவு ஜாஸ்தியானா மூத்திரத்துல வெல்லப்பாகு வாசன வரும்னு ஊருக்கே தெரியும். அந்த வூட்டு எதுர காய்ச்சுன வெல்லத்த எவன் வாங்குவான்?"

பிறவி நோய். லட்சத்தில் ஒரு குழந்தைக்கு வருமாம். பால், பருப்பு, முட்டை ஆகாது. அதிலுள்ள சத்தே உடம்பில் தேங்கி விஷமாகிவிடும். மாசாமாசம் கள்ளக்குறிச்சிக்குப் போய் ரத்தம் பார்க்க வேண்டும். நடுவில் அந்த வாசனை வந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடிவரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா.

போன தையில் செல்லி கோட்டை விட்டாள். வலிப்பு வந்த பிறகுதான் தெரிந்தது. ராஜாங்கத்தின் டெம்போவில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பிள்ளை பிழைத்தது மறுபிறவி.

ஆண்டாளிடம் பேசிய மறுநாள் காலை, துவைக்கத் துணியை எடுத்த செல்லி அப்படியே நின்றாள். மகளின் பாவாடையை மூக்கருகே கொண்டுபோனாள். குழந்தையின் நெற்றியைத் தொட்டால் லேசாகச் சுட்டது. அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

"நல்லவேளை, ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. குளுக்கோஸ் ஏறினா சரியாயிடும்" என்ற டாக்டரம்மா சிரித்தார். "போன வருஷம் மட்டும் ஏம்மா கண்டுபிடிக்கல?"

செல்லிக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

தேறிய மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பியவள், வீட்டுக்குப் போகாமல் நேரே ஏரியைச் சுற்றி நடந்தாள். இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று.

"ஏங்க, எம் புள்ளையால யாவாரம் கெட்டுடும்னா எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே. சொல்லாம கொள்ளாம பிரிச்சிக்கினு வந்துட்டீங்களே."

ராஜாங்கம் கொப்பரையைக் கிண்டிக்கொண்டே நிமிர்ந்தார். "எவன் சொன்னான் உனக்கு? அத வுடு. ஆஸ்பத்திரிக்குப் போனியாமே, புள்ளைக்கு இன்னா?"

"இப்ப நல்லாக்கீதுங்க. துணியில வாசன வந்துச்சு. ஒடனே தூக்கிக்கினு ஓடிட்டேன்."

அவர் கை நின்றது. முகம் மலர்ந்துவிட்டது.

"தெரிஞ்சுதா? அப்ப கொட்டாய மாத்துனது வீண் போவல. போன வருஷம் உன் வாசல்லயே பாகு கொதிச்சிக்கினு இருந்துச்சு. எது என் கொப்பரை, எது உம் புள்ளைன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"