ஜனவரியில் பார்த்த ஊர்

வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொன்னாள் வெளிநாட்டில், குளிர் தேசம் ஒன்றில் குடியிருக்கும் மகள் பூரணி. "மொதல்ல ஜூன்ல வந்து ஊரைப் பாருங்கப்பா. எங்க பாத்தாலும் பூவா இருக்கும்." பூக்கிற மாசத்தில் எந்த ஊர்தான் பொய் சொல்லாது? வீடு வாங்குகிறவன் அடைமழையில் போய்த்தான் ஒழுகலைப் பார்க்க வேண்டும். பிடிவாதமாக ஜனவரியில் போய் இறங்கினேன். மறுநாள் காலை, மணி எட்டாகியும் இருட்டாகவே கிடந்த அடுப்படியில், சிலேட்டு அளவு விளக்கு ஒன்றின் முன்னால் பூரணி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வெள்ளை வெளிச்சம்.

"என்னடி இது, பூசையா?"

"குளிர்காலம் பூரா இங்க வெயிலே கெடையாதுப்பா, அதுக்குப் பதிலா இது. இது இல்லேன்னா அழுதுக்கிட்டே கெடக்கேன்னு டாக்டர் குடுத்தாரு." திரும்பாமலே சொன்னாள்: "இதுக்குத்தான் ஜூன்ல வரச் சொன்னேன்."

ஊர் பிடித்திருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டேன்.

"கொஞ்சம் தள்ளு. எனக்கும் படட்டும்."