கழற்றி வைத்த டிஸ்க்

சேர்வரின் முகப்பில் டிஸ்க்குக்கு ஒன்றாக இருந்த இரண்டு விளக்குகளும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. கம்ப்யூட்டர் திருத்த வந்த வினோதன் குனிந்து இன்னொரு தரம் பார்த்தான்.

ஒன்றுதான் எரிய வேண்டும். மற்ற டிஸ்க்கைக் காலையில் தன் கையாலேயே கழற்றி, ஒரு துணியில் சுற்றி, மேசையில் வைத்துவிட்டுத்தான் கொட்டாஞ்சேனைக்கு இன்னொரு வேலைக்குப் போயிருந்தான்.

இப்போது மேசையில் துணி மட்டும் இருந்தது. அழகாக மடித்து வைத்திருந்தார்கள்.

“அக்கா, இதை ஆர் திரும்பப் போட்டது?”

ஸ்டூடியோக்காரி பாலேஸ்வரிக்கு முகமெல்லாம் பெருமை. “நான்தான் தம்பி. நீங்கள் போய்க் கொஞ்ச நேரத்தால அது கீச்சுக் கீச்செண்டு கத்தத் தொடங்கீட்டுது. கத்தினா வெளியில கிடக்கிறதைத் தள்ளிவிடச் சொல்லி நீங்கள்தானே போன முறை காட்டித் தந்தனீங்கள்? தள்ளினன். பிறகு சத்தமே இல்லை.”

ஐயோ அக்கா என்று கத்தத்தான் வந்தது. சொல்லிக்கொடுத்த மகராசன் அவன்தானே, யாரை நோவது?

வெள்ளவத்தையில் செத்தவீடுகளை லைவில் காட்டும் ஸ்டூடியோ அது. இந்தக் காலத்தில் சவப்பெட்டிக்குச் சொன்ன கையோடு லைவுக்கும் சொல்லிவிடுகிறார்கள். ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கிற பிள்ளைகள் ஃபோனைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள்.

எடுக்கிற வீடியோவெல்லாம் இந்த சேர்வருக்குள் வரும். அது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே மாதிரி எழுதிவைக்கும். ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும்.

போன கிழமை அதன் ஒப்பரேட்டிங் சிஸ்டம் படுத்துவிட்டது. புதிதாகப் போட இன்று காலை வந்த வினோதன் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தான். ஒரு டிஸ்க்கை அப்படியே கழற்றிப் பத்திரப்படுத்தினான். மற்றதை முழுக்க அழித்துப் புதிய சிஸ்டத்தை ஏற்ற விட்டான். வேலை முடிந்ததும், கழற்றி வைத்ததிலிருந்து வீடியோக்களை எடுத்துப் போடலாம்.

ஆனால் கழற்றியதைத் திரும்பச் செருகினால், டிஸ்க்குகளைக் கவனிக்கவென்று உள்ளே இருக்கும் கார்ட் ஒருவரையும் கேட்காது. உள்ளே இருந்த டிஸ்க்கைப் பார்த்து, வந்ததன்மேல் அச்சொட்டாக எழுதத் தொடங்கிவிடும். இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதற்கு அவ்வளவுதான் தெரியும்.

திரையில் பார்த்தான். எழுதி முடித்திருந்தது. இரண்டிலும் புதிய சிஸ்டம் இருந்தது. வேறு ஒரு மண்ணும் இல்லை.

மற்றவர்களுடைய வீடியோக்கள் அவரவர் கைக்கு எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டன. ராகுலனுடைய தாயின் செத்தவீடு மட்டும்தான் போகவில்லை. அன்றைக்குப் பெய்த மழையில் இன்டர்நெட் லைன் அறுந்து லைவும் பாதியில் நின்றுபோனது. முழுவதும் இருந்தது இந்த சேர்வருக்குள் மட்டுந்தான்.

ராகுலன் பாரிசில், விசா இல்லாமல் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவுகிறவன். ஒரே பிள்ளை, வர முடியவில்லை. கொள்ளி வைத்தது சித்தப்பாவின் மகன். பாவி நான் என்ன செய்துவிட்டேன் என்று வினோதன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து பாலேஸ்வரியின் ஃபோன் அடித்தது.

“அந்தப் பிள்ளைதான். ஒவ்வொரு நாளும் எடுத்துக் கேக்குது. நல்ல செய்தியை நீங்களே சொல்லிவிடுங்கோ தம்பி” என்று அதை அவன் கையில் திணித்தார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

“அண்ணை, சேர்வர் சரிவந்திட்டுதோ? அம்மாவின்ர வீடியோ இருக்குதோ?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அந்தப் பக்கம் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. வேலைக்கு நடுவில் ஒளித்து நின்று கதைக்கிறான் போல.

“இருக்கு” என்றான்.

ஒரு நாள் தவணை கிடைத்தால் போதும். எங்காவது கொண்டுபோய் மீட்கப் பார்க்கலாம், சொந்தக்காரர் யாராவது ஃபோனில் எடுத்திருப்பார்கள், காலில் விழுந்தாவது வாங்கலாம் என்றெல்லாம் புத்தி ஓடியது.

ராகுலன் மூக்கை உறிஞ்சினான்.

“அப்பாடா. அனுப்பிப் போடாதேங்கோ அண்ணை. அண்டைக்கு எனக்கு லீவு தந்தவங்கள். நான்தான் லைவைப் பாக்கேல்லை. பாத்தனெண்டா அம்மா உண்மையாவே செத்துப்போயிடுவா. அது உங்களிட்டையே இருக்கட்டும். அழிச்சுப் போடமாட்டீங்கள்தானே?”

வினோதன் மேசையில் மடித்துக் கிடந்த துணியைப் பார்த்தான்.

“இல்லை” என்றான். “அழிக்கமாட்டம்.”

ராகுலனை யாரோ அதட்டிக் கூப்பிட்டார்கள். ஃபோன் வைக்கப்பட்டது.

“என்னவாம் தம்பி? எப்ப அனுப்பட்டாம்?” என்றார் பாலேஸ்வரி.

“அனுப்ப வேண்டாமாம்” என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்தான் வினோதன். “கவனமா வைச்சிருக்கட்டாம்.”