இரண்டு நிமிட விளக்கு

நகர மன்றக் கூடத்தில் உட்கார இடமில்லை. பேஸ்பால் மைதானம் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்ற அட்டைகள் புழுக்கத்தில் விசிறிகளாக அசைகின்றன. மைதானத்துக்காக இடிபடப்போகும் சலவைக்கடையின் சொந்தக்காரன் வெர்னன், ஒலிவாங்கியின் முன்னால் கால்மாற்றி நிற்கிறான். பேச ஆளுக்கு இரண்டு நிமிடம்; சிவப்பு விளக்கு எரிந்தால் நேரம் முடிந்தது. பச்சை விளக்கு எரிகிறது. “வருஷத்துல எண்பத்தோரு நாள் ஆட்டம். மிச்ச நாள் அங்க புறாவா மேயும்? அதுக்கு எங்க வரிப்பணமா?” கையிலிருக்கும் காகிதங்களில் முதல் பக்கத்தைப் பார்த்துப் படிக்கிறான். விளக்கு மஞ்சளாகிறது. திடீரென்று பின்வரிசையில் ஒருத்தி, ஊர் அணியின் ஆட்டம் ஓடும் செல்பேசியைத் தூக்கிக்கொண்டு அலறுகிறாள். இரண்டு தரப்பு அட்டைக்காரர்களும் ஒன்றாகத் துள்ளி எழுகிறார்கள். வெர்னன் சட்டென்று திரும்புகிறான். “யாரும்மா அடிச்சது? பந்து வேலியைத் தாண்டிடுச்சா, ஹோம் ரன்னா?” “நம்ம ஒர்டேகாதான்! ஜெயிச்சுட்டோம்யா!” காகிதத்தோடு கையை உயர்த்தி அவனும் கூவுகிறான். அவன் திரும்பும்போது விளக்கு சிவந்திருக்கிறது. கடையைப் பற்றி எழுதியதெல்லாம் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.