பாய்லருக்கு வாய்மொழித் தேர்வு

காங்கேயத்து அரிசி ஆலையின் பேசும் பாய்லர், வருடாந்திர வாய்மொழித் தேர்வில் தோற்றால் ஆலையை மூடவேண்டியதுதான். அதற்குப் பாகங்களின் பெயரெல்லாம் சொல்லிக்கொடுத்த பாய்லர்காரன் செங்கோடன் அதை இன்னொரு முறை துடைத்துவிட்டான். மனைவி பாவாயி வேறு சோற்றுப் போசியோடு வந்து நின்றாள்.

"அழுத்தம் மீறுனா ஆவியை வெளிய விடறது எது?" என்றார் தேர்வு நடத்த வந்த அதிகாரி.

"பாவாயிங்க," என்றது பாய்லர்.

"சேப்டி வால்வுங்க!" என்று பதறினான் செங்கோடன்.

"அவங்க கத்தறதாலதானுங்க ஒண்ணும் வெடிக்காம இருக்குது," என்றது பாய்லர்.

அதிகாரி சிரித்துக்கொண்டே தேர்ச்சி முத்திரையைக் குத்தினார். பாவாயி சிரிக்கவில்லை. போசியோடு திரும்பியவள் பாய்லரிடம் கேட்டாள்: "தண்ணி ஏத்தற பம்புக்கு என்ன பேரு வெச்சிருக்குறாரு?"

"அது நாலு தட்டுத் தட்டுனாத்தானுங்க ஓடும். அதுக்கு நானே செங்கோடன்னு வெச்சுக்கிட்டனுங்க."

பாவாயி போசியைக் கீழே வைத்தாள்.

"வாங்க, சோறு ஆறுது."