பொண்ணு முகம்

"கண்ணாடிய ஒளிச்சு வச்சா மூஞ்சி சரியாகிருமா அக்கா?"

விஜிதா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வீட்டில் அவளுக்கு அடுத்துப் பிறந்தது அந்த ஒன்றுதான். எல்லோருக்கும் 'சின்னது'. முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு மூலையில் சுருண்டிருந்தது. துவாயை மெல்ல விலக்கினாள். இரண்டு கன்னமும் செக்கச்செவேலென்று சிவந்து, தோல் உரிந்து கிடந்தது.

"என்னத்த பூசின?"

"பருவுக்குப் போடுற ஜெல்தான். பார்மசியில வாங்கினது. ஒரு நேரம் லேசா பூசச் சொல்லித்தான் போட்டிருந்துச்சு. கல்யாணத்துக்குள்ள மறையணுமேன்னு காலையில, பகல்ல, ராவையிலன்னு அப்பினேன்."

"எரியலையா?"

"எரிஞ்சுச்சு. எரிஞ்சா மருந்து வேலை செய்யுதுன்னு நெனச்சேன்."

விஜிதாவுக்கு அடிப்பதா அணைப்பதா என்று தெரியவில்லை. அதற்குள் வாசலில் செருமல் கேட்டது. செல்லச்சாமி மாமா. இந்தக் கல்யாணத்தை முன்னின்று நடத்துகிறவர் அவர்தான். உள்ளே வந்தவர் சின்னதின் முகத்தைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்ன புள்ள இது? இந்த மூஞ்சியோட எப்படி மணவறையில உக்கார வைக்கிறது? ரத்தோட்டையிலயிருந்தெல்லாம் சனம் வரும். கல்யாணத்துக்குள்ள சரியாகாட்டி வேற பொண்ணு பாத்துக்கிற வேண்டியதுதான். மனசுல வச்சுக்காதீங்க."

அவர் போனதும் சின்னது விம்மத் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் 'பலாக்காய்' என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் இதே தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள் கண்முன்னால் பட்டும் நகையுமாய் ஒருநாள் உட்கார வேண்டும் என்பது அந்தப் பிள்ளையின் எத்தனையோ வருச ஆசை.

பக்கத்து வீட்டு நல்லம்மா எலுமிச்சங்காயும் பற்பசையுமாய் ஓடி வந்தாள். "இத தேச்சா ரெண்டு நாள்ல கொட்டிரும்."

"வெந்த தோல்ல எலுமிச்சங்காயா? வேணாம் பெரியம்மா. கேக்க வேண்டியவங்ககிட்ட கேட்டுட்டு வர்றேன்."

ஜெல் குழாயையும், கைபேசியில் எடுத்த கன்னத்துப் படத்தையும் கொண்டு மாத்தளைக்கு பஸ் ஏறினாள். பார்மசியில் மருந்தாளர் பஸ்லா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கண்ணு, உதடு வீங்கிச்சா? மூச்சு எடுக்கக் கஷ்டமா இருக்கா?"

"இல்ல மிஸ். எரிச்சல்தான். கல்யாணம் நெருங்குது."

"பொண்ணோட முகமா?"

"ஆமா மிஸ், பொண்ணுதான்."

"அப்ப இன்னும் கவனம். பயப்படாதீங்க, மருந்து கூடிப்போச்சு, அவ்வளவுதான். இப்ப உடனே ஜெல்ல நிப்பாட்டுங்க. வாசமில்லாத கிறீம் ஒண்ணு தாறன், ஈரப்பதத்துக்கு. தோல் ஆறினப் பொறகு, இதவிட வீரியம் குறைஞ்ச ஜெல்ல முதல்ல தாடை ஓரத்துல கொஞ்சமா பூசிப் பாருங்க. ஒண்ணும் செய்யாட்டி ஒருநாள் விட்டு ஒருநாள், ராவைக்கு மட்டும், மெல்லிசா. கண்ணு, மூக்கு, வாய்கிட்ட போகக்கூடாது. பகல்ல வெயில் படாமப் பாத்துக்கங்க. மறுபடி தோல் உரிஞ்சாலோ வீங்கினாலோ நிப்பாட்டிட்டு டொக்டர்கிட்ட காட்டணும்."

"கல்யாணத்துக்குள்ள சரியாகுமா மிஸ்?"

"அவசரப்பட்டுத்தானே இப்படி ஆச்சு? பொறுமையா போட்டா நல்லாக் குறையும், இன்ஷா அல்லாஹ்."

"குறைஞ்சா நீங்க கட்டாயம் கல்யாணத்துக்கு வரணும்" என்றாள் விஜிதா.

அன்றிலிருந்து புது ஜெல் குழாய் விஜிதாவின் அலுமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. சின்னது கெஞ்சியது. "இன்னும் கொஞ்சம் அக்கா, ஒரு சொட்டு!" அவள் அசையவில்லை. தோல் ஆறும்வரை கிறீம் மட்டும்; ஆறிய பிறகு ஜெல்லைப் பயறளவு பிதுக்கி, தன் கையாலேயே பூசிவிட்டாள். ஜெல் பட்டுத் தலையணை உறை வெளுத்ததுதான் மிச்சம் என்று நல்லம்மா கேலி செய்தாள். வெளியே போகும்போதெல்லாம் சின்னதின் தலையில் தொப்பியை மாட்டிவிட்டாள். புதுப் பரு ஒன்று தலைகாட்டிய அன்று இருவருக்குமே சோறு இறங்கவில்லை. ஆனால் சிவப்பு மெல்ல வடிந்தது. பருக்கள் ஒவ்வொன்றாய் அமுங்கின. ஒருநாள் காலை ஒளித்துவைத்த கண்ணாடியைச் சின்னதே தேடி எடுத்துப் பார்த்து, சத்தம் போட்டுச் சிரித்தது.

கல்யாண நாளும் வந்தது. பொழுது சாய, கோயில் வாசலில் தப்பு மேளம் அதிர்ந்தது. சிவப்புக் கூறைச் சேலையும் நெற்றிச்சுட்டியுமாய்ச் சின்னது தலைகுனிந்து நடந்து வந்தபோது கூட்டம் ஒரு கணம் மூச்சுவிட மறந்தது. பிறகு எழுந்த விசிலில் ரிவர்ஸ்டன் மலையே எதிரொலித்திருக்கும். 'பலாக்காய்' என்று கூப்பிட்டவர்கள் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முண்டியடித்தார்கள். நல்லம்மா ஆராத்தி எடுத்தாள். செல்லச்சாமி மாமா விஜிதாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்படி ஒரு பொண்ணு நம்ம மணவறையில உக்காந்ததே இல்ல புள்ள. வேற பொண்ணு பாப்போம்னு சொன்ன வாய நான்தான் கழுவணும்."

விஜிதா அழைத்தபடியே வந்திருந்தார் பஸ்லா. மணவறையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் தீப்பந்த வெளிச்சத்தில் மின்னிய முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்! என்ன அழகு! கல்யாணம் முடிஞ்சு மாப்பிள்ளையோட எந்த ஊருக்குப் போறாங்க?"

விஜிதாவுக்குச் சிரிப்பு பீறிட்டது.

"எங்க போறது மிஸ்? இது காமன் கூத்து. மாப்பிள்ளை மன்மதன விடியுறதுக்குள்ள சிவபெருமான் எரிச்சிருவாரு. ரதி வேஷத்தக் கலைச்சிட்டு என் தம்பி துஷாந்த் திங்கக்கிழமை கராஜ் வேலைக்குப் போயிருவான்!"