சின்ன அளவு

ஸ்ரீரங்கம் தெற்கு வாசலில் ஒரு வளையல் கடை. சாயங்கால வெயில் கண்ணாடி வளையல்களின் ஊடாக வந்து கனிஷ்காவின் வலது கையில் பச்சையும் சிவப்புமாக விழுகிறது. பதினொரு வயதுக் கை. மணிக்கட்டும் விரல் மூட்டுகளும் வீங்கியிருக்கின்றன. கடைக்காரர் அவள் விரல்களைக் குவித்துப் பிடித்து வளையலை ஏற்றுகிறார். அது கட்டைவிரல் மூட்டில் நின்றுவிடுகிறது. அவள் உதட்டைக் கடிக்கிறாள், கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர்தான் விட்டுவிடுகிறார். "வலிக்குதா பாப்பா? ஒரு சைஸ் பெரிசா தரேன்." அம்மா அனுசுயா ஆஸ்பத்திரிப் பையைத் தோள் மாற்றிக்கொண்டு, "பெரிசே குடுங்க" என்கிறாள். காலையில் மூட்டுவாத டாக்டர் மரபணுப் பரிசோதனை முடிவைப் பார்த்துச் சொன்னது அவள் முகத்தை விட்டு இன்னும் இறங்கவில்லை. இதே நோய் சில பிள்ளைகளுக்குச் சீக்கிரம் அடங்கிவிடுமாம். இவளுக்கு இருக்கும் மரபணு மாறுபாட்டால் நீடிக்கத்தான் வாய்ப்பு அதிகமாம். "டாக்டர் சொன்னாருல்லடி, லேசுல போகாதுன்னு." கனிஷ்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. "லேசுல போகாதுன்னுதான் சொன்னாரு. போகவே போகாதுன்னு சொல்லல." பெரிய வளையல் கண்ணாடி மேஜைமேல் உருண்டு, சுழன்று, கிணுகிணுத்து அடங்குகிறது. அவள் அதைத் தொடவில்லை. வீங்கிய விரல்களாலேயே சின்னதை எடுத்து வெயிலில் தூக்கிப் பிடிக்கிறாள். கடைக்காரர் சின்ன அளவுப் பெட்டியை மூடப் போகிறார். "அண்ணே, மூடாதீங்க. இதே அளவுல ஒரு டஜன் கட்டிக் குடுங்க. பெரிசு வாங்கினா, வீக்கம் வடிஞ்சதும் கழண்டு விழுந்துரும்."